நீ போட்ட ஜீப் தரை

என் ராசாவுக்கு,

பம்பாயிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. உங்க அப்பா ஜின்னிங் மில்லிலிருந்து வந்து, கைகால் கழுவி, காப்பியைக் குடித்து முடித்த பிறகு சத்தமாக வாசித்துக் காட்டினேன். நீ கடல் பார்த்தது, மாடி பஸ்ஸில் ஏறி இறங்க மனமில்லாமல் கடைசி நிறுத்தம் வரை போனது, சாப்பாட்டுக் கடைக்காரன் பருப்பில் வெல்லம் போடுவது எல்லாவற்றுக்கும் அவர் சிரித்தார். கடைசிப் பத்தியில்தான் இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றது. "பட்டாளத்தில் லாரி இஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டியவன் நான். இங்கே என்னைப் பஸ்ஸுக்குத் தரை போடுகிற இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை தகரத்துக்கு மேலே தார் பூசுகிறேன். எல்லாரும் மிதித்துவிட்டுப் போகிற இடம். ஒருத்தரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. ஊருக்கே வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். அப்பா காப்பித் தம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, "அவனுக்கு அந்த ஓடைச் சங்கதிய எழுதுனியா, இல்லையா?" என்று கேட்டார். எழுதவில்லை என்றேன். "எழுதாம என்னத்தப் பண்ணிக்கிட்டு இருந்தே?" என்று கோபித்துக்கொண்டார்.

நீ ரயிலேறிப் போன கொஞ்ச நாளில் இங்கே மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் ஆஸ்பத்திரி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். காய்ச்சலும் பேதியும் பிரசவமும் சேர்ந்து வந்தன. வீட்டுக்கு வந்து படுத்தால் போதும் என்று இருந்தது. அதனால்தான் எழுதவில்லை. இன்றைக்கு ஞாயிறு. கோயில் முடிந்து வந்துவிட்டேன். அப்பா தூங்குகிறார். இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். நீயும் அவசரப்படாமல் வாசி.

அந்த ஜீப் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் விற்றுத் தள்ளிய வண்டிகளில் ஒன்றை மதுரையில் பார்த்து, இஞ்சின் நல்ல இஞ்சின் என்று சொல்லி, நீதான் நம் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்காக ஓட்டிக்கொண்டு வந்தாய். காரியாபட்டி தாண்டியதும் கூண்டுத் துணி கிழிந்து பறந்துபோய்விட்டது என்று, தலையெல்லாம் புழுதியோடு வந்து இறங்கினாய். அதுவரைக்கும் எனக்கு மாட்டுவண்டிதான். பரளச்சிப் பக்கத்து ஊர்களில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால் ஆள் வந்து சொல்லி, வண்டி பூட்டி, நான் போய்ச் சேருவதற்குள் பிள்ளை பிறந்து பெயர் வைத்திருப்பார்கள்; இல்லாவிட்டால் குழி தோண்டிக்கொண்டிருப்பார்கள். ஜீப் வந்ததும் அது மாறியது. ஒரு பக்கத்து சீட்டுகளை எடுத்துவிட்டு நீளவாக்கில் பலகை போட்டுக் கொடுத்தாய். பெண்ணை அதில் படுக்க வைத்து, நான் சக்கரத்து மேட்டில் உட்கார்ந்துகொண்டு, கரிசல் காட்டு வண்டிப் பாதையிலிருந்து நேரே டாக்டரம்மா மேசைக்குக் கொண்டுவந்துவிடுவோம்.

ஆனால் அந்தச் சத்தம்! தரை முழுக்க வெறும் இரும்புத் தகடு. கல் தெறித்தால் டங்கென்று கேட்கும். கியர் மாற்றினால் கால் வழியாகப் பல்லுக்கு ஏறும். நம் ஜீப் வருகிறது என்றால் ஆடு மேய்க்கிறவர்கள் முதலில் காதைப் பொத்திக்கொள்வார்கள், அப்புறம்தான் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அதில் ஒரு பெரிய கஷ்டம் இருந்தது. வயிற்றில் இருக்கிற பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்க என்னிடம் இருப்பது அந்த மரக்குழல் ஒன்றுதான். ஒரு முனையை வயிற்றில் வைத்து, மறு முனையில் காதை அழுத்தவேண்டும். துடிப்பு ஒரே சீராக ஓடினால் பிள்ளை தாங்கும், இறங்கினால் அவசரம், கேட்கவே இல்லையென்றால் வேறு யோசனை. ஜீப்பில் குழலை வைத்தால் எனக்குக் கேட்டதெல்லாம் தகரம்தான்.

ஒரு நாள் அலுப்பாக வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே அதைச் சொன்னேன். உன்னிடம் ஒன்றும் எதிர்பார்த்துச் சொல்லவில்லை. நீ சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தாய்.

"வண்டிய நிப்பாட்டிட்டுக் கேக்கலாம்லம்மா?"

"வண்டிய நிப்பாட்டலாம். இஞ்சின நிப்பாட்டுனா மறுபடி கிளம்பணுமே? போன தடவ மாடசாமி கம்பியப் போட்டுச் சுத்திச் சுத்தி அவருக்கே மூச்சு வாங்கிருச்சு. வலியில கெடக்கிறவள வச்சுக்கிட்டு நடுக்காட்டுல நிக்க முடியுமா?"

நீ சாப்பிட்டு முடித்துக் கைகழுவப் போனாய். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, டிரைவர் மாடசாமியை இஞ்சினைப் போட்டுவிட்டு நிற்கச் சொல்லி, வண்டிக்குள் மண்டியிட்டுத் தகட்டில் ஒவ்வொரு இடமாகக் கையை வைத்துப் பார்த்தாய். நாடி பார்ப்பது போலப் பார்த்தாய். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "இஞ்சின் போடுற சத்தம் பாதிதாம்மா. மிச்சம் பாதி இந்தத் தரை போடுது. இஞ்சின நான் ஒண்ணும் செய்ய முடியாது. தரைய ஏதாச்சும் செய்யலாம்" என்றாய். எனக்கு அன்றைக்கு உன் பேச்சைவிட உன் கைதான் பிடித்திருந்தது. அவசரமில்லாத கை. பிரசவம் பார்க்கிறவளுக்கு அந்தக் கையின் மதிப்புத் தெரியும்.

முதலில் செய்தது உங்க அப்பா யோசனைப்படி. மில்லில் கழித்துப் போடும் பஞ்சைக் கொண்டுவந்தார். பழைய பட்டாளத்துக் கம்பளி இரண்டுக்கு நடுவில் அதைத் திணித்து மெத்தை மாதிரி தைத்து, தரை முழுக்க விரித்தீர்கள். ஏறி உட்கார்ந்தால் கோயிலுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்பா அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார். அந்த வாரமே ஒரு பெண்ணுக்கு வண்டியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி தெரிந்தது. உள்ளே பஞ்சு குடித்த தண்ணீர் அப்படியே நின்று நாறிப்போனது. "நர்சம்மா, வண்டிக்குள்ள எலி கிலி செத்துக் கெடக்குதா?" என்று மாடசாமி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். தூக்கிப் பார்த்தபோது தகடெல்லாம் துரு. ஆஸ்பத்திரி மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, வண்டி வாங்கியதே பெரிய பாடு, இப்போது அதை அழுக வைக்கிறீர்களா என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டார். அப்பா அதோடு அந்தப் பக்கமே வரவில்லை. நீ மட்டும் மெத்தையை உருவி எரித்துவிட்டு, துருவை மணல் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாய்.

அதற்குப் பிறகு நம் வீடு வீடாகவே இல்லை. தேங்காய் நார் மிதியடி வந்தது. சீக்கிரம் காய்ந்தது, சத்தத்தை மட்டும் அடக்கவில்லை. சாக்கைத் தாரில் முக்கிப் போட்டாய். நம் ஊர் வெயிலில் தார் உருகி, என் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. லாரி டியூபை அறுத்து விரித்தாய். அதற்கு அடியில் தண்ணீர் போய் ஒளிந்துகொண்டது. ஒரு நாள் மத்தியானம் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்து, "சத்தத்த அமுக்குறது எல்லாம் தண்ணியக் குடிக்குது. தண்ணியக் குடிக்காதது எல்லாம் சத்தம் போடுது. என்னம்மா செய்ய?" என்று சொன்னாய். நான், "போதும்யா, விட்டுரு. இம்புட்டு நாளும் மாட்டுவண்டியில போகலயா?" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் நான் அடுப்படிக்கு எழுந்து போய்விட்டேன்.

உனக்கு வழி கிடைத்தது எங்கே என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டியூபுக்கு அடியில் மறுபடி பிடித்த துருவைச் சுரண்டும்போது தரையில் மண் அடைத்துக் கிடந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்தாய். குச்சியால் குத்தினால் மண் உதிர்ந்து கீழே வெளிச்சம் தெரிந்தது. "அம்மா, இங்க வந்து பாருங்களேன்! இந்த வண்டியச் செஞ்சவன் உள்ள தண்ணி வரும்னு தெரிஞ்சுதான் செஞ்சிருக்கான். மேல கூரையே இல்லாத வண்டிக்குள்ள தண்ணிய வராதேன்னு சொல்ல முடியுமா? வரட்டும். ஆனா நிக்கக் கூடாது" என்று கத்தினாய். அதுவரை தண்ணீரைத் தடுக்கப் பார்த்தவன், அன்றையிலிருந்து தண்ணீர் போக வழி பார்க்க ஆரம்பித்தாய்.

தாரைக் காய்ச்சி அதில் சலித்த செங்கல் தூளைக் கலந்தாய். எவ்வளவு கலந்தால் வெயிலுக்கு உருகாது, குளிருக்கு வெடிக்காது என்று பார்க்க, தகரத் துண்டுகளில் விதவிதமாகப் பூசி ஓட்டுக்கு மேலே காயப்போட்டாய். என் குழம்புச் சட்டி ஒன்று அதில் போயிற்று. அதை நான் மறக்கவில்லை, நீயும் மறக்காதே. உச்சி வெயிலில் ஏறி ஒவ்வொரு துண்டையும் விரலால் அமுக்குவாய். பிறகு கீழே வந்து விரல் முட்டியால் தட்டி என்னைக் கேட்கச் சொல்வாய். வெறும் தகரம் டங்கென்றது. தார் பூசியது தொப்பென்றது. அந்தத் தொப் சத்தம் கேட்ட அன்று உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மழையே பெய்யாத வருஷத்தில், விதைத்த காட்டுக்கு மேலே கருமேகம் பார்த்த சம்சாரி மாதிரி இருந்தாய்.

அதைத்தான் ஜீப் தரையில் தகட்டோடு ஒட்டினாற்போல், நடுவில் தண்ணீர் புக இடமே இல்லாமல் பூசினாய். அதற்கு மேலே டியூப் ரப்பரை வார் வாராக அறுத்து, விரல் நுழைகிற சந்து விட்டு, எல்லாச் சந்தும் ஓட்டையைப் பார்த்து ஓடுகிற மாதிரி ஒட்டினாய். ஓட்டைகளுக்கு மரத்தில் அடைப்பு செதுக்கிச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டாய். "மாடசாமியண்ணே, ஓடையில இறங்குறதுக்கு முன்னால அடைக்கணும். ஏறுனதும் பிடுங்கணும். மறந்துராதீக" என்று அவரிடம் படித்துப் படித்துச் சொன்னாய்.

எல்லாம் காய்ந்த பிறகு என்னை வண்டியில் ஏற்றினாய். நெஞ்சுத் துடிப்பு எப்படி இருக்கும் என்று நீ ஒரு தடவை கேட்டதற்கு, தலையணைக்கு அடியில் கைக்கடிகாரம் வைத்த மாதிரி இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். நீ அதையே செய்தாய். டாக்டரம்மாவிடம் கெஞ்சி அவர் கைக்கடிகாரத்தை வாங்கிவந்து, ஆஸ்பத்திரித் தலையணைக்கு அடியில் வைத்துப் பலகையில் போட்டு, இஞ்சினைக் கிளப்பிவிட்டு, "இப்பக் கேளுங்கம்மா" என்றாய். குனிந்து குழலை வைத்தேன். இஞ்சின் எங்கேயோ பக்கத்து வீட்டில் ஓடுகிற மாதிரி இருந்தது. அதற்கு அடியில், மெல்லிசாக, டிக் டிக் என்று கேட்டது. "கேக்குதுய்யா" என்றேன். நீ இஞ்சினை நிறுத்திவிட்டுக் கைகழுவப் போய்விட்டாய். மேனேஜர் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. டாக்டரம்மா கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான். சத்தம் இருந்தபோது ஊரே பேசியது. நின்றுபோன பிறகு யாரும் கவனிக்கவே இல்லை. பம்பாய் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்து நீயும் கிளம்பிவிட்டாய்.

இனி நான் சொல்லப்போவது நீ பார்க்காதது.

பரளச்சிக்கும் உள்ளே, ஓடைக்கு அந்தப்புறம் இருக்கிற ஒரு ஊரிலிருந்து காலையில் ஆள் வந்தது. கருப்பாயி என்ற பெண். முதல் பிரசவம். முந்தின நாளிலிருந்து வலி. மழை வெறித்திருந்தது, ஆனால் வானம் இன்னும் கறுப்புதான். போகும்போது ஓடையில் முழங்காலளவுதான் தண்ணீர். அவளைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை இறங்கவில்லை, அவளுக்குத் தெம்பும் இல்லை. டாக்டரம்மாதான் ஆயுதம் போட்டுத் தலையைப் பிடித்து எடுக்கவேண்டும். வீட்டில் வைத்துக் குழலில் கேட்டேன். துடிப்பு இருந்தது. உடனே பலகையில் ஏற்றினோம். துணைக்கு அவள் புருஷன் இருளப்பன் மட்டும் வந்தான். சின்ன வயசுதான், உன்னைவிட இளையவனாக இருப்பான். கம்பங்காட்டுச் சேறு காலில் அப்படியே இருந்தது.

திரும்பி வரும்போது ஓடை ஏறியிருந்தது. மேற்கே எங்கோ பெய்த மழைத் தண்ணீர் செக்கச் செவேலென்று வந்துகொண்டிருந்தது. மாடசாமி இறங்கிப் பார்த்துவிட்டு, நீ சொன்னபடி அடைப்புகளைப் போட்டு, மெதுவாக இறக்கினார். நடு ஓடையில் தண்ணீர் இரண்டு பக்கமும் ஏறி உள்ளே வந்தது. என் கணுக்கால் முழுகியது. இருளப்பன் பலகையின் தலைமாட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். எப்படியோ கரையேறி நின்றோம். இஞ்சின் மட்டும் இருமிக்கொண்டே இருந்தது. "அம்மா, இப்ப இது நின்னுச்சுன்னா இன்னைக்குக் கிளம்பாது. நான் மிதியில இருந்து கால எடுக்க மாட்டேன்" என்றார் மாடசாமி.

அந்த நேரத்தில் கருப்பாயி கண்ணைச் சொருகினாள். இருளப்பன் அவள் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"புள்ள அசையல தாயி."

"வலியில சில சமயம் அப்படித்தான் இருக்கும்."

"இல்ல தாயி. வீட்டுல இருந்து புறப்பட்டதுல இருந்து அசையல. எங்க அக்காளுக்கும் இப்படித்தான் ஆச்சு. உள்ளேயே போயிருச்சு. டவுனுக்குக் கொண்டு போயி, அறுத்து, அவளும் போயி, பொணமாத்தான் தூக்கிட்டு வந்தோம்." அவன் ஓடையைத் திரும்பிப் பார்த்தான். "இன்னும் செத்த நேரத்துல இதத் தாண்ட முடியாது. திருப்பச் சொல்லுங்க. இவ வீட்டுலயாச்சும் கெடக்கட்டும். அவ ஆத்தா மடியிலயாச்சும் கெடக்கட்டும்."

மாடசாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவன் புருஷன். அவன் திருப்பச் சொன்னால் திருப்பத்தான் வேண்டும். பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று நான் வாயால் சொன்னால் நம்புகிற நிலையில் அவன் இல்லை. எனக்கும் தெரியாது, மகனே. ஓடையில் இறங்கிய பிறகு நான் கேட்டுப் பார்க்கவில்லை. திருப்பினால் அவள் பிழைக்கமாட்டாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"மாடசாமி, அடைப்பப் பிடுங்குங்க" என்றேன். ஒரு காலை மிதியிலேயே வைத்துக்கொண்டு, கையால் சங்கிலியைத் துழாவி இழுத்தார். தண்ணீர் சந்து சந்தாக ஓடி, சளசளவென்று கீழே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே ஈரம் மட்டும்தான் மிச்சம். நான் தரையில் மண்டியிட்டு, குழலை வைத்து, மறு காதைக் கையால் பொத்திக்கொண்டேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. என் இரத்தம் ஓடுவதுதான் கேட்டது. குழலைக் கொஞ்சம் இறக்கி வைத்தேன். இஞ்சின் இருமிக்கொண்டிருந்தது, ஆனால் அது தூரத்தில் இருந்தது. அப்போது கேட்டது. சின்னதாக, வேகமாக, ஒரு பிடிவாதத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

துடிப்பு இருக்கிறது என்று நான் அவனிடம் வாயால் சொல்லவில்லை. "இங்க வா, மண்டி போடு. காத இதுல வையி" என்றேன். அவன் தயங்கினான். ஆஸ்பத்திரிச் சாமானைத் தொடலாமா என்று தயங்கினான். நானே அவன் தலையைப் பிடித்துக் குழலில் வைத்தேன். அவனுக்கு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. "இஞ்சினக் கேக்காத. அதுக்கு அடியில கேளு" என்றேன். கண்ணை மூடினான். எவ்வளவு நேரமோ, எனக்கு ரொம்ப நேரமாகத் தோன்றியது. அப்புறம் அவன் வாய் திறந்துகொண்டது.

"ஓடுது தாயி" என்றான். "கருப்பாயி! ஏ கருப்பாயி! உள்ள ஓடிக்கிட்டு இருக்குடீ! நான் கேட்டேன்டீ!"

அவள் கண்ணைத் திறந்தாள். அதுவரை எதற்கும் திறக்காதவள், அதற்குத் திறந்தாள். "அப்பப் போகச் சொல்லுய்யா" என்று மட்டும் சொன்னாள். மாடசாமி யாரும் சொல்வதற்கு முன்பே கியரைப் போட்டுவிட்டார்.

அருப்புக்கோட்டை வந்து சேரும்வரை இருளப்பன் மண்டியிட்ட இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. நான் இடையிடையே கேட்டுக்கொண்டே வந்தேன். ஊர் நெருங்கும்போது துடிப்பு இறங்க ஆரம்பித்தது. அது தெரிந்ததால், ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே தயாராக வேண்டியதை எல்லாம் கத்திச் சொல்லிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா ஆயுதம் போட்டு எடுத்தார். பெண் பிள்ளை. நீலம் பாரித்து, துணி மாதிரி கிடந்தது. தேய்த்து, ஊதி, தட்டி, நான் மனசுக்குள் தெரிந்த ஜெபம் எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அழுதது. கருப்பாயிக்குக் காய்ச்சல் வந்து பயமுறுத்தியது, ஆனால் பிழைத்துக்கொண்டாள். தண்ணீர் வடிந்த பிறகு மூன்று பேரும் ஊருக்குப் போனார்கள். அதே ஜீப்பில்தான் போனார்கள்.

மறுநாள் நான் டாக்டரம்மாவிடம் ஓடையில் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய், ஜீப்புக்குள் குனிந்து, ரப்பர் வாரைத் தூக்கிப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "உங்கள் பையன் எங்கே இப்போது?" என்றார். பம்பாயில் என்றேன். "நான் அன்றைக்கே அவனிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அதை உனக்கு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். மேனேஜர்கூட அடுத்த வாரம் வண்டி கழுவுகிற ஆளிடம், ரப்பரைச் சுரண்டாதே என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் உன்னைப் பெற்றவள். நீ நடை பழகியது, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது, பட்டாளத்திலிருந்து முழுசாகத் திரும்பி வந்தது எல்லாவற்றுக்கும் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஓடைக் கரையில் மண்டியிட்டிருந்தபோது எனக்கு உன்மேல் வந்தது வேறு. வேலை தெரிந்த ஒருத்தி, வேலை தெரிந்த இன்னொருவனை மதிக்கிற மதிப்பு அது. இத்தனை வருஷம் எத்தனையோ நல்ல டாக்டர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். என் காதுக்கு என்ன வேண்டும் என்று என்னைத் தவிர நினைத்துப் பார்த்தவன் நீ ஒருவன்தான். இருளப்பனுக்கு உன்னைத் தெரியாது. அந்த வண்டிக்கு ஒரு தரை இருந்ததே அவனுக்குத் தெரியாது. முழங்கால் வலிக்கவில்லை என்பதுகூட அவனுக்குத் தோன்றியிருக்காது. அவன் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டான். நான் அவனுக்கு விளக்கிச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் உன் வேலை சின்னதாகப் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

உன் பஸ்ஸுகளில் யார் ஏறுவார்கள் என்று எனக்குத் தெரியாது. பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டு போகிற தாய் இருக்கலாம். சாகக் கிடக்கிறவரைப் பார்க்கப் போகிற மகன் இருக்கலாம். நீ நன்றாகப் பூசினால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மோசமாகப் பூசினால் உடனே தெரிந்துவிடும். என் வேலையும் அப்படித்தான். சுகப்பிரசவம் ஆன வீட்டில் நர்சு பெயரை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? எனக்கு அதில் குறை ஒன்றும் இருந்ததில்லை. உனக்கும் இருக்கக் கூடாது என்று நான் கட்டாயப்படுத்த முடியாது. இஞ்சின் வேலை கேட்டுப் பார். உன் கைக்கு அது தெரியும் என்று தைரியமாகச் சொல். கொடுத்தால் செய். கொடுக்கும்வரை அந்தத் தரையை யாரும் போடாத மாதிரிப் போடு. அங்கே கூட வேலை செய்கிறவர்களோடு சண்டை போடாதே. வெல்லம் போட்ட பருப்பையும் சாப்பிடப் பழகிக்கொள், உடம்பு இளைத்துவிட்டது என்று எழுதியிருந்தாயே.

மாடசாமி உன்னை ரொம்பக் கேட்டார். இங்கே ஒரு புதுத் தொந்தரவு. திருச்சுழி ரோட்டில் காலி வண்டியாகத் திரும்பும்போது அவர் பாட ஆரம்பித்திருக்கிறார். இதற்கு முன்னாலும் பாடிக்கொண்டுதான் இருந்தாராம், தரைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லையாம். இப்போது ஒரு எழுத்து விடாமல் கேட்கிறது. அந்தக் குரலுக்கு என்ன பூசலாம் என்று உன் கம்பெனிக்காரர்களை விசாரித்து எழுது.

அப்பா எழுந்துவிட்டார். "வரச் சொல்லி எழுதுனியா, இருக்கச் சொல்லி எழுதுனியா?" என்று கேட்கிறார். இரண்டும் எழுதவில்லை என்றேன். "பின்ன இம்புட்டு நேரம் என்னத்த எழுதுனே?" என்கிறார். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். தரை வேலை என்பதற்காக வராதே, ராசா. எங்களைப் பார்க்கணும் என்று தோன்றினால், அன்றைக்கே ரயிலேறி வா.

உன் அம்மா